ஊருக்கே கேட்ட ஒரு போன் கால்!



போன வாரம் என் பேரன் நாளிதழைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். பக்கம் முழுக்க ஒரு புதிய செல்போனின் விளம்பரம்.

"தாத்தா, இந்த போன் வந்துட்டா இனிமே எல்லார் கையிலயும் இதுதானாம். நெஜமாவா?" என்றான்.

பள்ளிக்கூடத்தில் பல ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்தவன் நான். ஒருவன் கேள்வி கேட்டுவிட்டால் கதை சொல்லாமல் விட முடியுமா?

"ஒரு புதுக் கருவி கடைக்கு வர்றது வேறடா கண்ணா. அது ஊருக்கு வர்றது வேற. உட்கார், சொல்றேன்" என்றேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இது நம் புதுச்சேரிக் கடலோரத்தில் உண்மையாகவே நடந்தது.

சிங்கப்பூரிலிருந்து வந்த அழைப்பு

2004ம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆறரை மணி அளவில் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் மிகப் பெரிய பூகம்பம். அங்கே கிளம்பிய சுனாமி அலைகள் வங்கக் கடலைக் கடந்து நம் கரையை நோக்கி விரைந்துகொண்டிருந்தன. நம் கரையில் யாருக்கும் அது தெரியாது. 'சுனாமி' என்ற சொல்லைக்கூட அன்று நம்மில் பெரும்பாலானோர் கேட்டதில்லை.

புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, தவளக்குப்பத்தை ஒட்டி, நல்லவாடு என்ற மீனவர் கிராமம் இருக்கிறது. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே செய்தியில் பூகம்பத்தையும் சுனாமியையும் பற்றிச் சொன்னதைக் கேட்டார். பதறிப்போய் வீட்டுக்கு போன் செய்தார். கடல் தண்ணீர் ஊருக்குள் ஏறி வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். "உடனே எல்லாரும் கிளம்புங்க. ஊர்ல எல்லாருக்கும் சொல்லுங்க" என்று அவர் எச்சரித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போன் வந்தது ஒரு வீட்டுக்கு. ஊரிலோ மூவாயிரத்துக்கும் அதிகமான மக்கள். கதவு கதவாகத் தட்டிச் சொல்ல நேரம் ஏது?

நல்லவாட்டில் ஒரு 'அறிவு மையம்' இருந்தது. அதில் கம்ப்யூட்டரும் ஊர் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கியும் இருந்தன. மையம் பூட்டிக் கிடந்தது. ஊர் மக்கள் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, முதியவர்களைத் தாங்கிக்கொண்டு ஊரே மேட்டுப் பக்கம் ஓடியது.

பிறகு பெரிய அலை வந்தது. வீடுகள் இடிந்தன. படகுகள் உடைந்தன. வலைகள் போயின. ஆனால், அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை!

ஒரே ஒரு போன் கால் ஓர் ஊரையே காப்பாற்றியது எப்படி? போன் மட்டும் காப்பாற்றவில்லை. போனோடு ஒலிபெருக்கியும் சேர்ந்ததால் காப்பாற்றியது. அந்த ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது?

அலை எவ்வளவு உயரம்?

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கும்பகோணத்தில் பிறந்தவர். 2023ம் ஆண்டில் மறைந்தார். அதற்கடுத்த ஆண்டு அவருக்கு 'பாரத ரத்னா' விருது வழங்கப்பட்டது. அவருடைய ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியுடன், 1998ம் ஆண்டு புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. தலைமை மையம் வில்லியனூரில். நகரத்துக்குத் தெற்கே, ஆடி மாதத் தேர்த் திருவிழாவுக்குப் பேர்போன வீராம்பட்டினம் இருக்கிறதே, அங்கேயும் ஒரு மையம் வந்தது.

"மீனவருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?" என்று அப்போது சிலர் சிரித்திருப்பார்கள். மீனவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்குத் தேவையான ஒன்று அதில் இருந்தது. அலையின் உயரம்!

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்துக் கடலைப் படித்தவர்கள் நம் மீனவர்கள். கரையில் நின்று இன்றைய கடலை அவர்களால் கணித்துவிட முடியும். ஆனால், நாளைக்கு நடுக்கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்பதைக் கரையில் நின்று பார்க்க முடியாதல்லவா? சின்னக் கட்டுமரத்துக்கும் படகுக்கும் அது உயிர்ப் பிரச்னை.

அந்தத் தகவல் எங்கே இருந்தது தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில்! வில்லியனூரில் இருந்தவர்கள் தினமும் அதை எடுத்து, தமிழில் மாற்றி, வயர்லெஸ் மூலம் வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் காதில் அது விழுந்தது. அவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஆங்கிலம் படிக்கவில்லை. காசும் கொடுக்கவில்லை. தகவல் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

அந்த மையங்களை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்களும் இளைஞர்களும்தான். மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காமலிருக்கச் சூரிய ஒளி மின்சாரம் இருந்தது. மையத்துக்கு இடம் கொடுத்தது ஊர். சாதி, ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை.

ஐந்து பூட்டுகள்

என் பேரன் விரலை உயர்த்தினான். "அப்போ எல்லார்கிட்டயும் ஒரு செல்போன் இருந்திருந்தா ஒலிபெருக்கியே வேணாமே தாத்தா?"

நல்ல கேள்வி. ஆனால், செல்போன் எல்லார் கைக்கும் வருவதற்கு ஐந்து பூட்டுகள் திறக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995ம் ஆண்டு ஜூலை 31ந் தேதி நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அன்று ஒரு நிமிடம் பேசப் பதினாறு ரூபாய் வரை ஆகும். நமக்கு யாராவது போன் செய்தாலும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும்! போன் அடித்தால் எடுப்பதற்கே பயமாக இருக்குமா, இருக்காதா?

வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்ற நிலை 2003ம் ஆண்டு வந்தது. அதே ஆண்டு 'நோக்கியா 1100' என்ற சின்ன போன் அறிமுகமானது. கேமரா கிடையாது. இன்டர்நெட் கிடையாது. ஆனால், தலையில் ஒரு டார்ச் விளக்கு இருந்தது. பொத்தான்களுக்குள் தூசி புகாது. ஒருமுறை சார்ஜ் போட்டால் பல நாள் தாங்கும். மின்சாரம் அடிக்கடி போகிற ஊரில், தூசியில், வெயிலில் வேலை செய்கிறவர்களை நினைத்துச் செய்த போன் அது. உலகம் முழுக்க 25 கோடிக்கும் மேல் விற்றது! அதைவிடக் கெட்டிக்கார போன்கள் அப்போது பல இருந்தன. ஆனால், மக்களோடு ஒட்டிக்கொண்டது இதுதான்.

2007ல் ஐபோனும், 2008ல் ஆண்ட்ராய்டு மென்பொருளில் இயங்கும் முதல் போனும் வெளிநாட்டில் விற்பனைக்கு வந்தன. விரலால் தொட்டால் வேலை செய்யும் ஸ்மார்ட்போன்கள். பிரமாதம்தான். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றியது.

இங்கே சுந்தர் பிச்சை வருகிறார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் டெலிபோன் கேட்டு ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார்களாம். போன் வந்த பிறகு அக்கம்பக்கத்தாரும் வந்து அதில் பேசுவார்களாம். அந்தச் சிறுவன் வளர்ந்து கூகுள் நிறுவனத்தில் ஆண்ட்ராய்டு பிரிவுக்குத் தலைவரானார். 2014ம் ஆண்டு செப்டம்பர் 15ந் தேதி டில்லியில் 'ஆண்ட்ராய்டு ஒன்' என்ற திட்டத்தில் மூன்று போன்களை அறிமுகப்படுத்தினார். விலை 6,399 ரூபாய் முதல். இரண்டு சிம் கார்டு போடலாம். எஃப்.எம். ரேடியோ கேட்கலாம். ஸ்மார்ட்போனையே பார்க்காத கோடிக்கணக்கான மக்களுக்கு இது போய்ச் சேரும் என்று நம்பினார்கள்.

என்ன ஆனது? எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. காரணங்கள் பல. அதே விலையில் வேறு போன்கள் போட்டிக்கு வந்தன. இன்னொன்றையும் கேளுங்கள். ஆரம்பத்தில் அந்த போன்களை இன்டர்நெட்டில் மட்டும்தான் வாங்க முடிந்தது! இன்டர்நெட்டையே பார்க்காதவர்களுக்கான போனை வாங்க இன்டர்நெட் வேண்டும் என்றால் எப்படி? பூட்டின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். அன்று நம் ஊர்களில் பெரும்பாலோர் தெரிந்த கடைக்குப் போய், கையில் வாங்கிப் பார்த்து, "ரிப்பேர் ஆனா நீங்களே பாப்பீங்களா அண்ணே?" என்று கேட்டுத்தான் போன் வாங்கினார்கள்.

இன்னொரு பூட்டு டேட்டா. போன் வாங்கிவிட்டாலும் ஒரு ஜி.பி. டேட்டாவுக்கு 200 ரூபாய்க்கு மேல் ஆகும் அப்போது. 2016ம் ஆண்டு செப்டம்பர் 5ந் தேதி, அதாவது ஆசிரியர் தினத்தன்று, ஜியோ நிறுவனம் தன் 4ஜி சேவையைத் தொடங்கியது. போட்டியில் டேட்டா விலை மளமளவென்று சரிந்தது. அதன் பிறகுதான் ஸ்மார்ட்போன் தெருவுக்குத் தெரு வந்தது. 2017ல் கூகுளில் தமிழில் பேசியே தேடும் வசதியும் வந்தது. எழுதத் தெரியாதவருக்கும் போன் காது கொடுத்தது.

ஐந்து பூட்டுகளையும் கண்டுபிடித்தீர்களா? எண்ணிக்கொள்ளுங்கள்:

1. வாங்கும் விலை.
2. பேசவும், டேட்டாவுக்கும் ஆகும் கட்டணம்.
3. மின்சாரமும் பேட்டரியும்.
4. நம் மொழி.
5. நமக்கு என்ன பயன்?

ஐந்தில் நான்கு திறந்து ஒன்று மட்டும் பூட்டியிருந்தாலும் கதவு திறக்காது. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியை இப்போது நினைத்துப் பாருங்கள். ஐந்தையும் அது 1998லேயே திறந்துவிட்டது!

படகில் ஏறிய போன்

2007ம் ஆண்டு சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சில நிறுவனங்களோடு சேர்ந்து 'ஃபிஷர் ஃபிரண்ட்' என்ற வசதியைச் செல்போனில் கொண்டுவந்தது. 'மீனவ நண்பன்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். பின்னாளில் அது ஆண்ட்ராய்டு செயலியாக மாறியது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் கூட்டம் இருக்க வாய்ப்புள்ள பகுதி, புயல் எச்சரிக்கை எல்லாம் தமிழிலேயே கிடைத்தன. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கான தகவல்களைத் தருகிறது. சுனாமி எச்சரிக்கை மையமும் 2007 முதல் அங்கேதான் இயங்குகிறது.

"கடலுக்குள்ள டவர் கிடைக்குமா தாத்தா?" என்றான் பேரன். பையன் பலே கெட்டிக்காரன்!

கிடைக்காது. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனாலே சிக்னல் மங்கிவிடும். ஆனால், போனுக்குள் ஜி.பி.எஸ். இருக்கிறது. பூமியிலிருந்து சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், நேரத்தைச் சொல்லும் சிக்னல்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு சிக்னலும் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று போன் கணக்குப் போடுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் கணக்கு கிடைத்தால், "நாம் இருப்பது இந்த இடம்" என்று சொல்லிவிடும். இதற்கு டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். அதனால்தான் நடுக்கடலிலும் அந்தச் செயலி, "எல்லைக்கோடு நெருங்குகிறது, கவனம்!" என்று எச்சரிக்க முடிகிறது.

ஆனால், நாம் இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. புயல் வருகிறது என்ற செய்தி நடுக்கடலுக்கு எப்படிப் போய்ச் சேரும்? இந்தப் பூட்டு திறக்காமலே கிடந்தது. 2017ம் ஆண்டு நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. எச்சரிக்கை வருவதற்கு முன்பே கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலர் ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் செல்போன் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்தும் செய்தி போகவில்லை. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்தக் குடும்பங்களின் கண்ணீரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதன் பிறகு, 2019ம் ஆண்டு 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் அனுப்பும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் பக்கத்தில் உள்ள செல்போனுக்குக் கொடுக்கும். கரையிலிருந்து வெகுதூரத்தில் இருப்பவருக்கும் செய்தி போகும். ஆனால், அதில் செய்தியை வாங்கத்தான் முடியும். "நான் ஆபத்தில் இருக்கிறேன்" என்று திருப்பிச் சொல்ல முடியாது. இன்னும் திறக்க வேண்டிய பூட்டுகள் இருக்கின்றன, குழந்தைகளே. அவற்றின் சாவியை நீங்கள்கூடச் செய்யலாம்.

மறுபடியும் ஒலிபெருக்கி!

ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? இப்போது நம் ஊர்க் கடைகளில் பணம் கட்ட ஒரு கட்டம் போட்ட அட்டையும், பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும் இருக்கும். நாம் போனில் பணம் அனுப்பியதும், எவ்வளவு வந்தது என்று அந்தப் பெட்டி தமிழில் சத்தமாகச் சொல்லும். கடைக்காரம்மா திரையைப் பார்க்கவே வேண்டாம். வியாபாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் வேண்டாம். இதுவும் ஒரு குட்டி ஒலிபெருக்கிதானே!

2023ம் ஆண்டு மத்திய அரசு சோதனைகள் நடத்தியது. பல மாநிலங்களில் செல்போன்கள் 'வீல்' என்று அலறின. சில பேர் போனைக் கீழே போட்டிருப்பார்கள்! ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் ஆபத்து எச்சரிக்கை அனுப்பும் முறை அது. நல்லவாட்டு மக்கள் கதவை உடைத்துச் செய்த வேலையை, இனி நம் சட்டைப் பையில் இருக்கும் போனே செய்யும்.

பேரனுக்குச் சொன்ன பதில்

"இப்ப சொல்லு, இந்த விளம்பரத்துல இருக்கற போன் எல்லார் கைக்கும் வருமா?" என்று கேட்டேன்.

பேரன் நாளிதழை மறுபடி பார்த்தான். விலையைப் படித்தான். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அங்கே அவன் பாட்டி மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, தன் போனில் மகளின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பாட்டிகிட்ட இருக்கற போனே இன்னும் பாட்டிக்கு வந்து சேரலயே தாத்தா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நேரம் கதை சொன்ன நான் அதைக் கவனிக்கவே இல்லையே! ஒரே வீட்டில் இருந்துகொண்டு!

அன்று மாலை பேரன் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான். மொழியைத் தமிழுக்கு மாற்றினான். "பேரைச் சொல்லுங்க பாட்டி, அதுவே தேடும்" என்றான். அவசர எண் 112ஐயும் எழுதி வைத்தான். "யார் கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லவே கூடாது" என்று மூன்று முறை சொன்னான். பாட்டி மகளின் பெயரைச் சொன்னார். போன் தேடிக் கொடுத்தது. பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இந்த வாரம் நீங்களும் செய்யுங்கள்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ போன் இருந்தும் அது வந்து சேராத ஒருவர் இருப்பார். அவருக்கு ஐந்து பூட்டுகளில் எது திறக்கவில்லை என்று கேளுங்கள். எழுத்து சின்னதா? மொழி புரியவில்லையா? "இது எனக்கு எதுக்கு?" என்கிறாரா? பொறுமையாகத் திறந்து கொடுங்கள். அவர் மறந்துவிட்டு மறுபடி கேட்டால் கோபப்படாதீர்கள். உங்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு எத்தனை முறை சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்!

வரட்டுமா குழந்தைகளே!